தகரக் காலுக்கு நான் சொன்ன விளக்கம்

ராமநாதபுரத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியத்துக்கு நான் விளக்கம் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். எனக்காக நாலு பேர் கை தட்டியது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். தபால் பதிவேன், கோப்பு கட்டுவேன், கேட்ட காகிதத்தைக் கேட்ட நேரத்தில் எடுத்துக் கொடுப்பேன். பிறந்தது பாம்பன் பக்கம் ஒரு கரை ஊரில். மாதா கோயிலும் கடலும் தவிர வேறெதுவும் இல்லாத ஊர். அய்யா அடுத்தவர் படகில் கூலிக்குப் போனவர். நான் ஏழாவது படிக்கும்போது செத்துப்போனார். அதற்குப் பிறகு அம்மா கடல்பாசி எடுத்து விற்றுத்தான் என்னைப் படிக்கவைத்தாள்.

பாசி எடுப்பது என்றால் கரையில் ஒதுங்கியதைப் பொறுக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விடியும் முன் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒரு படகில் ஏறித் தீவுப் பக்கம் போவார்கள். மார்பளவுத் தண்ணீர், சில இடத்தில் ஆள் முழுகும். மூச்சை அடக்கிக்கொண்டு மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கிற பாசியைக் கையால் பிய்த்து, இடுப்பிலோ முதுகிலோ கட்டிய வலைப்பையில் போட வேண்டும். பாறை கத்தி மாதிரி இருக்கும். அதனால் விரல் ஒவ்வொன்றிலும் துணியைச் சுற்றிக்கொள்வார்கள். காலில் தகரத்தகட்டை வெட்டிக் கட்டிக்கொள்வார்கள். கண்ணுக்கு வட்டக் கண்ணாடி. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை. என் அம்மா அய்யாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு போவாள். இருபது வருஷத்துக்கு மேல் போனாள்.

அலுவலகத்தில் இது யாருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. சேர்ந்த முதல் வாரத்தில், முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு சீனியர், “கடக்கரை ஆளுக பஸ்ஸுல ஏறுனா மீன் வாடைக்கு நான் ஜன்னல் சீட்டு புடிச்சிருவேன்ப்பா” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “உங்க வீட்டுல என்னம்மா பண்றாங்க?” என்று அவர் என்னைக் கேட்டபோது, “அப்பாவுக்கு ரெண்டு போட் இருந்துச்சு சார். அம்மா வீட்டுலதான்” என்றேன். ‘அய்யா’ என்றுகூடச் சொல்லவில்லை, ‘அப்பா’ என்றேன். இரண்டு படகையும் அங்கேயே, அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்து முடித்தேன். பிறகு அந்தப் படகுகளைத் தாங்க வேறு பொய்கள் தேவைப்பட்டன. ஒன்பது வருஷம் தாங்கினேன்.

போன வருஷம் அம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. ஊரிலிருந்து கூட்டி வந்து, ராமநாதபுரத்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை செய்தோம். கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை டாக்டர் பார்த்துவிட்டு, “பாட்டிக்குப் பார்வை நல்லா வந்திருச்சு” என்றார். அம்மா ஆஸ்பத்திரி வாசலில் நின்று எதிர்க்கடைப் பலகையில் இருந்த வாழைப்பழ விலையைச் சத்தமாகப் படித்தாள். “ஏத்தா, எழுத்தெல்லாம் கழுவி வச்ச மாதிரி இருக்கு” என்றாள்.

அன்றைக்குத்தான் அருங்காட்சியகத்தில் ஓவியக் கண்காட்சி திறப்பு. பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார், கூட்டம் வேண்டும், ஒவ்வொரு பிரிவிலிருந்தும் நாலு பேர் போய் நாற்காலியை நிரப்புங்கள் என்று எங்கள் அலுவலகத்துக்குச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பிரிவில் சூப்பிரண்டு மேடம், அந்த முதுகுளத்தூர் சீனியர், டைப்பிஸ்ட், நான். அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு வர நேரம் இல்லை. கூடவே கூட்டிப் போனேன். போகிற வழியில் ஆட்டோவில், “அங்கன போயி ஊர்க்கதை எதுவும் பேசாத” என்றேன். அம்மா தலையை ஆட்டினாள். அவளுக்கு என் படகுகள் பற்றித் தெரியாது. ஆனால் நான் இந்த மாதிரி சொல்லும்போது ஏன் என்று அவள் கேட்டதே இல்லை.

அதிகாரி வந்தார், குத்துவிளக்கு ஏற்றினார், போனார். பிஸ்கட்டும் டீயும் கொடுத்தார்கள். ஓவியக் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி எங்களை அழைத்துக்கொண்டு படம் படமாகக் காட்டினான். கடைசி அறையில் ஒரே ஒரு பெரிய படம், சுவர் முழுக்க.

“இது சர்ரியலிசம். கனவுல வர்ற மாதிரி, நடக்க முடியாத விஷயங்களைச் சேர்த்து வரைவாங்க. இதுல ஒவ்வொரு பொருளும் ஒரு குறியீடு. நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க” என்றான்.

படத்தில் வெடித்துக் காய்ந்த கண்மாய்த் தரை. கடல் மேலே, கூரை மாதிரி. படகுகளின் அடிப்பாகம் மட்டும் மேலிருந்து தொங்குகிறது. நடுவில் ஒரு பெண். ஆம்பளைச் சட்டை போட்டிருக்கிறாள். கண் இருக்கும் இடத்தில் இரண்டு வட்டக் கண்ணாடி, ஒவ்வொன்றிலும் தண்ணீர், தண்ணீரில் ஒரு மீன். பத்து விரல்களிலும் வெள்ளைத் துணி சுற்றியிருக்கிறது. முதுகில் வலைப்பை. அதிலிருந்து கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டுகள் ஈரமாக வழிகின்றன. காலில் தகரம், கயிற்றால் கட்டி, உள்பக்கம் இறுக்கி முடிச்சுப் போட்டிருக்கிறது.

இடது காலில் நாலு விரல்.

நான் எண்ணினேன். இரண்டாவது தடவையும் எண்ணினேன். என் அம்மாவுக்கு இடது கால் சுண்டுவிரல் கிடையாது. தகடு கட்டாமல் போன ஒரு நாள் பாறை கிழித்து, சீழ் வைத்து, எடுத்துவிட்டார்கள். நான் மதுரையில் ஹாஸ்டலில் இருந்தபோது போனில் அம்மா சொல்லியிருந்தாள்: ஒரு பொண்ணு காமிராவோட வந்தா, ரெண்டு நாள் எங்களோட கரையில உக்காந்திருந்தா, டீ வாங்கிக் குடுத்தா, நல்ல பிள்ள. அப்போது நான் காதில் வாங்கவில்லை. அங்கே, அந்தப் படத்தின் முன்னால், வாங்கினேன்.

“கால்ல தகரம் எதுக்கு? செருப்பு வாங்கக் காசில்ல போல” என்றார் சீனியர். டைப்பிஸ்ட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“சும்மா இருங்க சார். அது விலங்கு. பொம்பளைங்க கால்ல போட்ட விலங்கு. முடிச்சப் பாருங்க, அவுக்கவே முடியாது” என்றார் சூப்பிரண்டு மேடம். பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா. நம்ம ஆபீஸ்ல நன்றியுரை எல்லாம் நீதான.”

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் பேசினேன். தகரம் என்றால் இயந்திரம், மனுஷியை இயந்திரமாக்கிவிட்டார்கள் என்றேன். துணி சுற்றிய விரல் என்றால் எழுத விடாத கை என்றேன். கண்ணில் மீன் என்றால் அடக்கிவைத்த கண்ணீர். நோட்டுகள், படிக்க முடியாமல் போன கனவுகள்.

“ஏன் நாலு விரல்?” என்று தம்பி கேட்டான். அவனுக்குச் சந்தோஷம், யாரோ ஒருத்தி பேசுகிறாளே என்று.

“முழுமை இல்லாத வாழ்க்கை” என்றேன்.

கை தட்டினார்கள். சீனியரும் தட்டினார். “பிரமாதம்மா, நீ இருக்க வேண்டிய இடம் ஆபீஸே இல்ல” என்றார் மேடம். எனக்கு உடம்பு சூடாகிவிட்டது. வெட்கம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் பெருமைதான் அது.

அம்மா எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படத்தின் பக்கத்தில் போனாள். குனிந்து கால்களைப் பார்த்தாள்.

“முடிச்சு தப்பா போட்டிருக்கு” என்றாள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

“உள்பக்கம் முடிச்சுப் போட்டா பாறையில மாட்டிக்கிரும். மேல வர முடியாது, செத்துருவா. வெளிப்பக்கம் போடணும். ஒரு இழு இழுத்தா கழண்டு வரணும்.” பிறகு நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், நோட்டுகளைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. “ஏத்தா, இது நான்தான். இது உங்கய்யா சட்டை. அந்தப் பிள்ளட்ட நான் சொன்னேன், எம்மக நோட்டெல்லாம் இந்தப் பையிலதான் இருக்குன்னு. அப்படியே வரைஞ்சிருக்கு பாரு.”

மேடம் என்னைப் பார்த்தார். சீனியர் என்னைப் பார்த்தார். ஒன்பது வருஷத்து இரண்டு படகுகளும் என் தலைக்கு மேல் தொங்கின.

“அம்மாவுக்கு இப்பத்தான் கண்ணு ஆபரேஷன் ஆச்சு மேடம்” என்றேன். “பார்வை இன்னும் சரியா வரல. பாக்கறதெல்லாம் யாரோ தெரிஞ்சவங்க மாதிரியே தெரியுது. நேத்து டிவியில வந்த ஒரு அம்மாவையும் தன் தங்கச்சின்னாங்க.”

டிவி கதையும் பொய். கேட்காமலே சேர்த்தேன். அவர்கள் “அச்சோ” என்று சிரித்தார்கள், அன்பாகத்தான். டைப்பிஸ்ட் அம்மாவின் கையைப் பிடித்து, “வாங்க பாட்டி, உக்காருங்க” என்றாள். அம்மா கறுப்புக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். இரண்டு மணி நேரத்துக்கு முன் வாழைப்பழ விலையைப் படித்தவள். “ஆமத்தா, கண்ணு கொஞ்சம் மங்கல்தான்” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். விரல்களெல்லாம் தழும்பு, யாராவது பார்த்துவிடுவார்கள் என்று.

வீட்டுக்கு வந்தும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டாள். சாப்பிட்டேன். இறங்கியது. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது, இறங்கியது என்பது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசைக்கு முன், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வருஷத்துக்கு ஒரு தடவை, ஈஸ்டருக்கு முன் மட்டும் போகிறவள் நான். முழங்கால் போட்டு, “பொய் சொன்னேன் சாமி” என்றேன்.

“யார்ட்ட?”

“ஆபீஸ்ல.”

“யாருக்கும் நஷ்டமா?”

“இல்ல சாமி” என்றேன்.

பரிகாரமாக மூன்று தடவை ‘அருள்நிறை மரியே’ செபம் சொல்லச் சொன்னார். நான் எழுந்து, பீடத்துக்கு முன்னால் போய், மூன்றையும் வேகமாகச் சொல்லி முடித்தேன். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. என் அம்மாவை ஊருக்கு முன்னால் இல்லை என்று சொன்னதற்கு இரண்டு நிமிஷமா என்று சாமியார் மேல் கோபம் வந்தது. அவர் என்ன செய்வார்? அவரிடமும் நான் முழுசாகச் சொல்லவில்லை. பாவத்தைச் சொல்லும் இடத்திலேயே இன்னொரு பாவம் செய்துவிட்டு, பெஞ்சில் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும், நரைத்த தலை, தோளில் துணிப்பை. அருங்காட்சியகத்து வருகைப் பதிவேட்டில் நான் எழுதிய முகவரியைப் பார்த்து வந்ததாகச் சொன்னார். அந்தப் பெரிய படத்தை வரைந்தவர் அவர்தான். சனிக்கிழமை எங்களுக்குப் படம் காட்டிய தம்பி அவரிடம் சொல்லியிருக்கிறான், ஒரு பாட்டி முடிச்சு தப்பு என்று சொன்னார்கள் என்று.

“அந்தப் படத்துக்கு நான் ஒருத்தங்களத்தான் பார்த்து வரைஞ்சேன். பேர் எழுதி வச்சிருந்த நோட்டு தொலைஞ்சுபோச்சு. ரெண்டு தடவை அந்தக் கரைக்குப் போய்த் தேடினேன். அப்ப இந்தப் போட்டோவும் கையில இல்ல, யாரைன்னு சொல்லத் தெரியாம வந்துட்டேன்” என்றார். கைப்பேசியில் ஒரு போட்டோவை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். “இது நீங்களாம்மா?”

நான் அம்மாவின் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். அம்மாதான். முடி கறுப்பு, நெற்றியில் கண்ணாடியைத் தூக்கி விட்டிருக்கிறாள், வாய் நிறையச் சிரிப்பு. அய்யாவின் கட்டம் போட்ட சட்டை.

அம்மா போட்டோவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கட்டும் என்று பார்த்தாளா, திறந்துவிடுவேனோ என்று பார்த்தாளா, இன்று வரை தெரியாது. நான் திறக்கவில்லை.

“இல்லத்தா” என்றாள் அம்மா. “நான் கடலுக்கெல்லாம் போனதில்ல. எம்மக சொன்னாளே, எனக்குக் கண்ணு சரியில்ல. அன்னைக்கு ஏதோ ஒளறிட்டேன்.”

அந்த ஓவியர் அம்மாவின் காலைப் பார்த்தார். அம்மா இடது காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். அவர் பார்த்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஒரு துண்டுச் சீட்டில் தன் கைப்பேசி எண்ணை எழுதி மேசையில் வைத்தார். “புதன்கிழமை படத்தை எடுத்துட்டுப் போறேம்மா. அதுக்குள்ள உங்களுக்கு யாரையாச்சும் தெரிஞ்சா சொல்லுங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனார்.

“ஏம்மா அப்படிச் சொன்ன?” என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

“நீ சொன்னதத்தான் நானும் சொன்னேன். ஆளுக்கொண்ணு சொன்னா உனக்குத்தான அசிங்கம்.” அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். “உனக்கு நாளைக்கு ஆபீஸ் இருக்கு. என்னய வரைஞ்சா என்ன, வரையாட்டி என்ன. பாத்தாச்சுல்ல.”

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே சொன்னேன். அப்பாவுக்குப் படகு இல்லை. அம்மா பாசி எடுத்தவள். அந்தப் படத்தில் இருப்பது அவள்தான், அவளுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, நான் சொன்னதெல்லாம் பொய். ஒரே மூச்சில் சொன்னேன், சண்டைக்குப் போகிறவள் மாதிரி. அவர்கள் ஏதாவது கேவலமாகச் சொல்லட்டும், திருப்பிக் கொடுக்கலாம் என்று காத்திருந்தேன்.

யாரும் சொல்லவில்லை. சீனியர் தலையைக் குனிந்துகொண்டு, “செருப்புன்னு நான் சொன்னது தெரியாமச் சொன்னதும்மா” என்றார். மேடம்தான், “நாங்க என்ன உன்னையக் கடிச்சா தின்னுருவோம்? எங்கம்மா விறகக் கரியாச் சுடுற கரிமூட்டத்துல வேலை பாத்தவங்க. சாயல்குடியில போயிக் கேளு” என்றார். அது எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. ஒன்பது வருஷம் யாருக்குப் பயந்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஜன்னல் சீட்டைப் பற்றி ஒருத்தர் ஒரு தடவை சொன்ன ஒரு வார்த்தைக்கு. அதைச் சொன்னவருக்கே அது ஞாபகம் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்தத் துண்டுச் சீட்டை எடுத்து எண்ணை அழுத்தினேன். ஸ்பீக்கரில் போட்டேன், அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று. அம்மா சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். கையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

“போட்டோவில இருக்கறது எங்கம்மாதான்” என்றேன். “நேத்து அவங்க எனக்காகப் பொய் சொன்னாங்க.”

“தெரியும்” என்றார் ஓவியர். “விரலப் பாத்தேன். அம்மாகிட்ட பேசலாமா?”

போனை நீட்டினேன். அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். எப்படிப் பிடிப்பது என்று தெரியாதவள் மாதிரி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

“நல்லா இருக்கியாத்தா? முடி நரைச்சிருச்சு உனக்கு, எனக்கு மொதல்ல அடையாளம் தெரியல” என்றாள். ஓவியர் சிரிப்பது கேட்டது. அழுவதுபோலவும் இருந்தது. அம்மா உடனே விஷயத்துக்கு வந்துவிட்டாள். “அந்த முடிச்ச மாத்திரு. வெளிப்பக்கம் போடு. கண்ணு முன்னால ஒருத்தி சாகப் போற மாதிரியே இருக்கு, எனக்குப் பாக்க முடியல.”

“மாத்திடறேம்மா. கண்டிப்பா மாத்திடறேன். படத்துக்குக் கீழ உங்க பேரையும் எழுதறேன்.”

“பேரெல்லாம் எதுக்கு. எம்மகட்ட கேட்டுக்க.” அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, நான் பக்கத்தில்தான் நிற்கிறேன் என்பதையே மறந்தவள்போல, போனுக்குள் சொன்னாள்: “அவ மேல எதுவும் நினைச்சுக்காதத்தா. எம்மக அன்னைக்குத் தெரியாமச் சொல்லிட்டா.”

தெரியாமல் சொல்லவில்லை. நாலு விரலையும் இரண்டு தடவை எண்ணிவிட்டுத்தான் சொன்னேன்.